மடித்து வைத்த எழுத்தும் மறைத்து வைத்த எழுத்தும்: ஒரு பத்தமடைப் பாய்க்கடைத் தளத்தில் நடந்தது

போனில் படிக்க வசதியாக ஒரு பக்கத்தின் எழுத்தை மடித்து வைத்தால் கூகுள் அதைத் தண்டிக்குமா, படிக்காமல் விடுமா என்று நாங்கள் தேடிப் பார்த்த கதை இது. 2023 ஆடியில் தொடங்கி அந்த ஆண்டு கார்த்திகை வரை நடந்தது. கடைக்காரர் கேட்டுக்கொண்டபடி பெயரும் தள முகவரியும் கொடுக்கவில்லை. தவறு செய்தவர்களில் நானும் ஒருவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

## பின்னணி

திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் சாலையில், சேரன்மகாதேவிக்குச் சற்று முன்னால் இருக்கிறது பத்தமடை. தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, கீறி, சாயம் ஏற்றி நெய்யும் பாய்க்குப் பேர்போன ஊர். புவிசார் குறியீடும் உண்டு. அங்கே தலைமுறைகளாகப் பாய் விற்கும் ஒரு குடும்பத்தின் இணையதளத்தைப் பாளையங்கோட்டையில் இருந்தபடி நான் பராமரித்து வருகிறேன். கடையைக் கவனிப்பவர் அறுபதைத் தாண்டியவர். ஊர் வழக்கப்படி நானும் அவரைப் 'பாய்' என்றுதான் கூப்பிடுவேன். பாய்க்கடையைப் பற்றி எழுதும்போது அது குழப்பும் என்பதால் இங்கே 'பெரியவர்' என்று வைத்துக்கொள்கிறேன். வாட்ஸ்அப், கூரியர், பணம் வரவு எல்லாம் அவருடைய மருமகன் பொறுப்பு.

தளத்துக்கு வருகிறவர்களில் பெரும்பாலோர் வருவது ஒரே பக்கத்துக்குத்தான்: கல்யாணப் பாய். மணமக்கள் பெயரை நெய்து தருகிற பாய் அது. எப்படி நெய்கிறார்கள், பெயர் போட எத்தனை நாள், என்ன அளவு, என்ன விலை, எப்படித் துடைப்பது, வெளியூருக்கு எப்படி அனுப்புவது என்று அந்தப் பக்கம் நீளமாகப் போகும். கேள்வி பதில்களுக்குரிய குறிமுறையையும் (எது கேள்வி, எது பதில் என்று தேடுபொறிக்குக் காட்டும் குறிகள்) அதில் சேர்த்திருந்தேன். அதனால் கூகுளில் தேடினால் எங்கள் தளத்தின் பெயருக்குக் கீழே இரண்டு மூன்று கேள்விகள் வரும். தொட்டால் அங்கேயே பதில் விரியும். பெரியவருக்கு அதில் தனிப் பெருமை. கடைக்கு வருகிறவர்களிடம் போனை நீட்டிக் காட்டுவார்.

## என்ன மாற்றினோம்

ஜூலை கடைசியில் மருமகன் ஒரு குறை சொன்னார். போனில் பார்க்கிறவர்கள் விலைக்கு வந்து சேருவதற்குள் கட்டைவிரல் தேய்ந்துவிடுகிறது, பாதிப் பேர் பாதியிலேயே விட்டுவிட்டு "விலை என்ன?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார்கள். நியாயமான குறை. ஒரு அக்கார்டியன் பிளக்இன் (தளத்தில் கூடுதலாகப் பொருத்தும் சிறு மென்பொருள்) போட்டு மொத்தப் பக்கத்தையும் ஒன்பது தலைப்புகளாக மடித்தேன். எல்லாமே மூடிய நிலையில் இருக்கும், தலைப்பைத் தொட்டால் விரியும்.

ஒன்பதில் இரண்டில் படங்கள் அதிகம்: நெசவு நடக்கும் விதம், பெயர் நெய்வது. கிராமத்துப் பக்கம் சிக்னல் கிடைக்கிற லட்சணத்துக்கு இவ்வளவு படமும் முதலிலேயே இறங்க வேண்டாமே என்று பார்த்தேன். பிளக்இன்னிலேயே ஒரு வசதி இருந்தது: பகுதியை விரிக்கும்போது மட்டும் அதன் உள்ளடக்கத்தைச் சர்வரிலிருந்து கொண்டுவா. இரண்டுக்கும் டிக் போட்டேன். பக்கம் சட்டென்று திறந்தது. புத்திசாலித்தனமான வேலை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

## முதலில் கவனித்தவை

ஆகஸ்ட் நடுவில் மூன்று விஷயங்கள் ஒன்றாக வந்து நின்றன.

விசாரிப்பு அழைப்புகள் குறைந்தன. கூகுளில் எங்கள் தளத்துக்குக் கீழே விரியும் கேள்விகள் காணாமல் போயின. அப்புறம், வெளியூர் மார்க்கெட்டிங் நிறுவனம் ஒன்றிலிருந்து பெரியவருக்குப் போன் வந்தது: "உங்க பக்கத்துல எழுத்தையெல்லாம் ஒளிச்சு வச்சிருக்கீங்க, இது கூகுள் விதிக்கு விரோதம், தளத்தையே தூக்கிருவாங்க." சரிசெய்து தருவதற்கு ஒரு தொகையும் சொன்னார்களாம்.

மறுநாள் காலை எனக்குப் போன்.

"மூடி வச்சிட்டியளே தம்பி. கடைய மூடுன மாதிரில்லா ஆயிட்டு."

எல்லாவற்றையும் உடனே திறந்துவிடச் சொன்னார். நான் ஒரு வாரம் கேட்டேன். உடனே திறந்திருந்தால் அவர் மனம் ஆறியிருக்கும், ஆனால் எது காரணம் என்பது கடைசிவரை தெரியாமல் போயிருக்கும். பழைய நிலைக்குத் திரும்பி, அழைப்பும் தற்செயலாகக் கூடினால், மடிப்புதான் குற்றவாளி என்று முடிவுகட்டி காலத்துக்கும் நீளப் பக்கத்தோடே வாழ்ந்திருப்போம்.

## விதி என்ன சொல்கிறது

அந்த நிறுவனம் சொன்னதில் ஒரு துளி உண்மை இருந்தது. மறை எழுத்து கூகுளின் ஸ்பேம் விதிகளில் வருவதுதான். வெள்ளைப் பின்னணியில் வெள்ளை எழுத்து, படத்துக்குப் பின்னால் எழுத்து, சிஎஸ்எஸ் (பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் கட்டளைகள்) வைத்துத் திரைக்கு வெளியே தள்ளிய எழுத்து, அளவைப் பூஜ்யமாக்கிய எழுத்து எல்லாம் அதில் உண்டு. தேடுபொறிக்கு ஒன்றும் வாசகருக்கு வேறொன்றும் காட்டுவதுதான் குற்றம். பெரிய கைகளும் இதில் மாட்டியிருக்கின்றன: 2006இல் பிஎம்டபிள்யூவின் ஜெர்மன் தளத்தையே, வாசகருக்குக் காட்டாத பக்கங்களை தளங்களைப் படிக்கும் தேடுபொறி ரோபோவுக்குக் காட்டியதற்காக, கூகுள் தன் பட்டியலிலிருந்து கொஞ்ச நாள் நீக்கி வைத்தது.

ஆனால் அதே விதிப் பக்கத்திலேயே விலக்கும் இருக்கிறது. தொட்டால் விரிந்து தொட்டால் மூடும் அக்கார்டியன், டேப், ஸ்லைடு ஷோ, சுட்டியை வைத்தால் எட்டிப் பார்க்கும் குறிப்பு, பார்வையற்றோர் பயன்படுத்தும் திரைவாசிப்பு மென்பொருளுக்கென்றே வைத்த எழுத்து ஆகியவை விதிமீறல் இல்லை. வாசகர் திறந்து பார்க்க ஒரு பிடி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

தண்டனை வேறு, மதிப்புக் குறைவு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் பழைய பயம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2014இல் கூகுளின் ஜான் முல்லர், பக்கம் திறந்ததும் கண்ணில் படாத எழுத்துக்குக் குறைந்த மதிப்பு கொடுக்கப்படலாம் என்ற பொருளில் பேசினார். அப்போது கூகுளின் இன்டெக்ஸ் (படித்த பக்கங்களைச் சேர்த்து வைக்கும் பட்டியல்) கணினித் திரைக்கான பக்கத்தை வைத்துத்தான் அமைந்தது. அகலமான திரையில் இடம் கிடந்தும் ஒன்றை மூடி வைத்தால், அது அவ்வளவு முக்கியமில்லை என்று எடுத்துக்கொள்வதில் ஒரு தர்க்கம் இருந்தது. 2016 நவம்பரில் கைபேசிப் பக்கத்தை முதன்மையாக எடுத்துக்கொள்ளும் முறையை அறிவித்தார்கள். கைபேசியில் இடமே இல்லை, மடிக்காமல் முடியாது. எனவே வாசக வசதிக்காக மடித்த எழுத்துக்கு முழு மதிப்பு என்று கூகுளின் கேரி இல்யேஸ் அந்தச் சமயத்திலேயே சொன்னார். 2018இல் தளங்களை மாற்றத் தொடங்கினார்கள், 2019 ஜூலையிலிருந்து புதுத் தளங்களுக்கு அதுவே இயல்பு நிலை. எங்களுக்கு வந்த போன் 2014இன் கதையை 2023இல் விற்றுக்கொண்டிருந்தது.

காணாமல் போன கேள்விகளுக்கும் விடை கிடைத்தது. 2023 ஆகஸ்ட் 8 அன்று கூகுள் ஓர் அறிவிப்பு வெளியிட்டது: கேள்வி பதில் விரிவுகளை இனி நம்பகமான அரசுத் தளங்களுக்கும் மருத்துவத் தளங்களுக்கும் மட்டுமே வழக்கமாகக் காட்டுவோம். பத்தமடைப் பாய் அந்த இரண்டிலும் சேராது. நாங்கள் மடிக்காமல் இருந்திருந்தாலும் அது போயிருக்கும். மடித்த வேளையும் அறிவிப்பு வந்த வேளையும் ஒன்றாகிவிட்டன, அவ்வளவுதான்.

அழைப்புகள்? ஆடியில் யார் கல்யாணம் வைக்கிறார்கள். அந்த வருடம் முஹர்ரம் மாதமும் ஏறக்குறைய ஆடியோடே வந்ததால் முஸ்லிம் கல்யாணங்களும் மந்தம். தளம் தேடலில் எப்படித் தெரிகிறது என்று தளக்காரருக்குக் காட்டும் கூகுளின் கருவியான சர்ச் கன்சோல் 16 மாதத் தரவைக் காட்டும் என்பதால் முந்தைய ஆண்டு ஆடியோடு ஒப்பிட முடிந்தது. அப்போதும் கோடு இதேபோல இறங்கி, ஆவணி பிறந்ததும் ஏறியிருந்தது.

இதோடு நிறுத்தியிருந்தால் 'ஒன்றுமே இல்லை, பயப்படாதீர்கள்' என்று சொல்லிக் கோப்பை மூடியிருப்பேன். தேடல் சொற்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் ஒன்று இடறியது. விலை, அளவு, கூரியர் சம்பந்தமான தேடல்கள் முந்தைய ஆண்டின் ஆடி அளவுக்குத்தான் இறங்கியிருந்தன. பெயர் நெய்வது பற்றிய தேடல்கள் மட்டும் தரையோடு தரையாகக் கிடந்தன.

## சோதித்துப் பார்த்த விதம்

மடித்த ஒன்பது பகுதிகளிலிருந்தும் ஆளுக்கொரு வாக்கியம் எடுத்தேன். வேறு எந்தத் தளத்திலும் அச்சு அசலாக இருக்க வாய்ப்பில்லாத வாக்கியங்களாகப் பார்த்துத்தான் எடுத்தேன். ஒவ்வொன்றையும் மேற்கோள் குறிக்குள் போட்டு, எங்கள் தளத்துக்குள் மட்டும் தேடினேன். மேற்கோளுக்குள் தேடினால் அந்தச் சொற்கள் வரும் இடத்தையே ஸ்னிப்பெட்டில் (தேடல் முடிவோடு வரும் சிறு பகுதியில்) காட்டுவது 2022இலிருந்து கூகுளின் வழக்கம், அது இங்கே கைகொடுத்தது.

"பாயை வெயிலில் காயப்போடாமல் நிழலில் விரித்து வையுங்கள்" என்பது மூடிய பகுதிக்குள் இருந்த வாக்கியம். தேடியதும் தடித்த எழுத்தில் வந்து நின்றது. மூடியிருந்தாலும் கூகுள் படித்திருக்கிறது. இப்படி ஏழு பகுதிகளும் வந்தன.

"கோரையை ஓடுகிற ஆற்றுத் தண்ணீரில் ஒரு வாரம் ஊறப்போடுவோம்" என்று தேடினேன். ஒன்றும் இல்லை. "இரண்டு பேர் பெயரும் தமிழிலோ ஆங்கிலத்திலோ நெய்யலாம்" என்று தேடினேன். அதுவும் இல்லை. நான் டிக் போட்ட அதே இரண்டு பகுதிகள்.

சர்ச் கன்சோலின் யூஆர்எல் பரிசோதனையில், கூகுள் பாட் (தளங்களைப் படிக்கும் கூகுளின் ரோபோ) பக்கத்தைத் திறந்தபின் அதற்குக் கிடைத்த ஹெச்டிஎம்எல்லை, அதாவது பக்கத்தின் மூல எழுத்தை, முழுதாகப் பார்க்கலாம். அதிலும் அந்த இரண்டு தலைப்புகளுக்குக் கீழே வெறும் காலிப் பெட்டிகள்தான். கூகுள் பாட் இப்போது புது குரோம் அளவுக்கே ஜாவாஸ்கிரிப்டை (பக்கத்துக்குள் ஓடும் நிரலை) ஓட்டும்; பக்கம் ஏறும்போதே ஜாவாஸ்கிரிப்ட் எதையாவது எழுதினால் அதையும் படித்துவிடும். ஆனால் அது எந்தப் பொத்தானையும் தொடாது. தொட்டால்தான் வரும் என்று நான் வைத்த எழுத்து அதைப் பொறுத்தவரை உலகத்திலேயே இல்லை.

பெரியவருக்கு இதை விளக்கக் கடைக்கே போனேன். சிஎஸ்எஸ், சர்வர் என்று தொடங்கி நான் தடுமாறிக்கொண்டிருந்தபோது அவரே குறுக்கிட்டார். சுவரோரம் சுருட்டி நிறுத்தியிருந்த பாய்களைக் காட்டி, "இது சுருட்டி இருக்கு, ஆனா கடைக்குள்ள இருக்கு, எண்ணிக்கையில வந்துரும். பின்னால குடோன்ல இருக்கது ஆள் வந்து கேட்டாத்தான் எடுத்துட்டு வருவோம். கணக்கெடுக்க வந்தவன் ஒண்ணும் கேக்காமப் போனா அது அவன் கணக்குல வராது. அதான?" என்றார். அதேதான். எனக்கு அரை மணி நேரம் மிச்சம்.

## எதிர்பாராமல் கிடைத்தது

அந்த ஹெச்டிஎம்எல்லில் 'பாய்' என்ற சொல் எத்தனை இடத்தில் இருக்கிறது என்று சும்மா தேடிப் பார்த்திருந்தேன். பக்கத்தில் கண்ணுக்குத் தெரிவதைவிட மிக அதிகமாக வந்தது. அன்று கடைக் கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்து, கன்ட்ரோலையும் ஏ-யையும் சேர்த்து அழுத்தினேன். நீல நிறம் பக்கம் முழுக்க இறங்கி, கீழே வெறும் வெள்ளையாக இருந்த இடத்தில் எழுத்துகள் தெரிந்தன. சுண்ணாம்பு அடித்த சுவரில் மழை பெய்ததும் பழைய தேர்தல் சின்னம் தெரியுமே, அந்த மாதிரி.

பத்தமடைப் பாய் ஏர்வாடி, பத்தமடைப் பாய் களக்காடு, பத்தமடைப் பாய் வள்ளியூர், கடையநல்லூர், மேலப்பாளையம், சங்கரன்கோவில்... மொத்தம் நாற்பத்து மூன்று ஊர். வெள்ளை மேல் வெள்ளை.

எனக்கு முன்னால் தளத்தை உருவாக்கியவர் செய்த வேலை. ஆனால் இரண்டு ஆண்டாக அது என் பொறுப்பில் இருந்த தளம், ஒருநாளும் நான் பார்த்ததில்லை. விதி தடுப்பது துல்லியமாக இதைத்தான். போனில் பயமுறுத்தியவர்கள் கொடுத்த அறிக்கையிலோ இது இல்லை. அதில் குற்றமில்லாத ஒன்பது மடிப்புகளும் வரிசையாக இருந்தன. சர்ச் கன்சோலில், கூகுள் ஆட்கள் பார்த்து விதிக்கும் தண்டனையான மேனுவல் ஆக்‌ஷன் எதுவும் பதிவாகவில்லை. யாரும் பிடிக்கவில்லை என்பதற்காக அதை வைத்திருக்க முடியாது.

## எடுத்த முடிவுகள்

வெள்ளை எழுத்தை அன்றே நீக்கினேன். தண்டனையே பதிவாகாததால் மறுபரிசீலனை விண்ணப்பத்துக்கு வேலை இல்லை.

பிளக்இன்னை எடுத்துவிட்டு, ஹெச்டிஎம்எல்லிலேயே இருக்கும் டீட்டெயில்ஸ், சம்மரி என்ற இரண்டு டேக்குகளை வைத்து மடிப்பை மறுபடி அமைத்தேன். எழுத்து முழுவதும் பக்கத்தோடே வந்துவிடும், ஜாவாஸ்கிரிப்ட் தேவையே இல்லை. இதில் இன்னொரு லாபம், குரோமில் ஒருவர் பக்கத்துக்குள் ஒரு சொல்லைத் தேடினால், அது மூடிய பகுதிக்குள் இருந்தாலும் அந்தப் பகுதி தானே விரியும். பழைய பிளக்இன்னில் அது நடக்காது. படங்களை மட்டும் தாமதமாக இறங்கும்படி வைத்தேன். நான் ஆரம்பத்திலேயே செய்திருக்க வேண்டியது இது: கனமானது படம்தான், எழுத்து இல்லை.

விலையையும், பெயர் போட ஆகும் நாளையும் மடிப்பிலிருந்து வெளியே எடுத்து மேலே வைத்தேன். கூகுளுக்காக இல்லை. வாட்ஸ்அப்பில் நூறு பேர் கேட்கிற கேள்விக்குப் பதிலை மூடி வைப்பதில் அர்த்தமில்லை என்று மருமகன் சொன்னார், அவர் சொன்னது சரி. மீதி ஏழு பகுதிகள் மடித்தபடியே இருக்கட்டும் என்றேன். பெரியவர் கொஞ்சம் முகம் சுளித்தார், சுருட்டிய பாயை அவருக்கே நினைவுபடுத்தினேன்.

கேள்வி பதில் குறிமுறையை எடுக்கவில்லை. அது இருந்தால் பாதகமில்லை என்று கூகுளே சொல்லியிருக்கிறது.

## பிறகு நடந்தது

பத்து நாள் கழித்து ஆற்றுத் தண்ணீர் வாக்கியத்தை மறுபடி தேடினேன், வந்தது. பெயர் நெய்வது பற்றிய வாக்கியம் அதற்கும் சில நாள் கழித்து வந்தது. பெயர் சம்பந்தமான தேடல்களில் தளம் தலைகாட்டுவது புரட்டாசிக்குள் பழைய நிலைக்குத் திரும்பியது. மொத்த அழைப்புகளும் கூடின. ஆனால் ஆவணி பிறந்திருந்தது, ஐப்பசிக் கல்யாணங்களுக்கு ஆர்டர் வரும் காலம். இதில் என் வேலைக்கு எவ்வளவு, முகூர்த்த நாளுக்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல மாட்டேன். பெயர்த் தேடல்களின் மீட்சியை மட்டும் என் திருத்தத்தின் கணக்கில் வைக்கலாம்.

தேடல் முடிவில் விரியும் கேள்விகள் திரும்பவே இல்லை. பெரியவர் அதை இன்னும் ஒரு நஷ்டமாகத்தான் சொல்கிறார்.

அந்த நிறுவனம் கார்த்திகையில் மறுபடி கூப்பிட்டது. இந்த முறை மருமகன் எடுத்தார். "மூடுன பகுதியில இருக்க ஒரு வரியைச் சொல்றேன், மேற்கோள் போட்டு கூகுள்ல தேடிப் பாருங்க" என்றாராம். பிறகு அழைப்பு இல்லை.

## இனிமேல் செய்வது

எந்தத் தளத்தைக் கையில் எடுத்தாலும் முதல் நாளே முழுப் பக்கத்தையும் தெரிவு செய்து பார்த்துவிடுகிறேன். எதையாவது மடித்தால், ஒவ்வொரு மடிப்பிலிருந்தும் ஒரு வாக்கியத்தைக் குறித்து வைத்து, இரண்டு வாரம் கழித்து மேற்கோளுக்குள் தேடுகிறேன். 'விரிக்கும்போது மட்டும் ஏற்று' என்ற டிக்கை எழுத்துக்குப் போடுவதில்லை. ஆடியில் பெரிய மாற்றம் எதையும் செய்வதில்லை; இறங்கினால் எதனால் இறங்கியது என்று தெரியாது.

ஒரு விஷயத்தில் மட்டும் பெரியவர் விடவில்லை. நாற்பத்து மூன்று ஊரையும் நீக்கியது அவருக்கு உறுத்தியது. "ஊர்ப் பேரு இருந்தா அந்த ஊர்க்காரன் பார்ப்பாம்லா?" என்றார். பட்டியலை அச்செடுத்துக் கொடுத்து, எந்த ஊரில் உங்கள் பாயை எடுத்து விற்கும் கடை உண்மையில் இருக்கிறதோ அதை மட்டும் விட்டுவிட்டு மற்றதை அடியுங்கள் என்றேன். கல்லாப்பெட்டி மேல் வைத்து, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்து ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். களக்காட்டில் கொஞ்சம் யோசித்தார், அதையும் அடித்தார். ஆறு ஊர் மிஞ்சியது. அந்த ஆறும் இப்போது பக்கத்தின் அடியில், 'எங்கள் பாய் கிடைக்கும் கடைகள்' என்ற தலைப்பில், கறுப்பு எழுத்தில் இருக்கின்றன.